புதன்கிழமை நான்கு மணிக்கு நான் எங்கே போகிறேன்

1

தங்கச்சிமடத்தில் இருக்கும் என் அக்கா பிலோமினாளிடமிருந்து போன வாரம் விமானத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. நீலக் காகிதத்தில் இடம் குறைவு என்பதால் நலம் விசாரிப்பதை எல்லாம் விட்டுவிட்டு நேரே விஷயத்துக்கு வந்துவிட்டாள்.

"நீ அங்கன பைத்தியக்கார டாக்டர்ட்டப் போறியாம்ல. ஊருக்கே தெரிஞ்சு போச்சு. ஏர்வாடியில கொண்டுபோய் விட வேண்டிய ஆளா நீ? அப்படியே போறதா இருந்தாலும் யாருக்கும் தெரியாமப் போகக் கூடாதா?"

இங்கே எங்கள் மாதா கோயிலுக்கு வருகிற மண்டபம் ஊர்க்காரி ஒருத்தி நான் அந்த டாக்டர் வீட்டுப் படி இறங்குவதைப் பார்த்திருக்கிறாள். லண்டனில் பார்த்த செய்தி மூன்றே வாரத்தில் தங்கச்சிமடம் போய்ச் சேர்ந்துவிட்டது. நான் அனுப்புகிற பார்சல் மூன்று மாதமாகியும் போய்ச் சேர்வதில்லை.

யாருக்கும் தெரியாமல் போவதற்கு நான் என்ன திருடவா போகிறேன்? அதனால் அக்காவுக்குத் தனியாகப் பதில் எழுதாமல் ஊரார் எல்லோரும் படிக்கிற மாதிரி இந்தப் பத்திரிகையிலேயே எழுதுகிறேன். ஆமாம், போகிறேன். வாரம் தவறாமல், புதன்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்கு. ரயிலடிக்குப் பின்னால் ஒரு செங்கல் வீடு, பச்சைக் கதவு, பித்தளைத் தகட்டில் ஒரு அம்மாளின் பெயர், அதன் கீழே கவுன்சிலர் என்று போட்டிருக்கும். ஓட்டுக் கேட்டு வருகிற முனிசிபல் கவுன்சிலர் இல்லை. நாம் பேசுவதைக் கேட்பதற்கென்றே படித்துவிட்டு, தன் வீட்டிலேயே தனியாகத் தொழில் நடத்துகிறவர். கட்டணம் உண்டு. என் தையல் சம்பளத்திலிருந்து நானே கொடுக்கிறேன்.

ஏர்வாடியைப் பற்றியும் ஒரு வார்த்தை, அக்கா. தர்காவுக்குப் போகிறவர்களை நாம் சின்ன வயதில் கேலி செய்திருக்கிறோம். இப்போது அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. மனசு தாங்காதபோது மனிதர்கள் எங்கே ஆறுதல் கிடைக்கும் என்று தோன்றுகிறதோ அங்கே போகிறார்கள். நான் போவதும் அதற்குத்தான்.

2

என் மகள் தெரசாவுக்குப் பதினேழு வயது. நாங்கள் கொழும்பிலிருந்து கப்பல் ஏறியபோது அவளுக்கு நாலு. பள்ளிக்கூடத்தில் அவள் பெயர் டெரி. தமிழில் பசிக்குது, தூக்கம் வருது, இன்னைக்கும் மீனா, இந்த மூன்றும் ஒழுங்காக வரும். மற்றதெல்லாம் ஆங்கிலம்தான். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் சொல்வாள், இரண்டும் ஒன்றையொன்று உரசாமல் போய்விடும்.

போன வருடம் ஒரு சனிக்கிழமை காலையில் வெளியே போனவள் ராத்திரி வீடு திரும்பவில்லை. என் வீட்டுக்காரர் தெருத் தெருவாக அலைந்துவிட்டுப் போலீஸுக்குப் போனார். நானும் கூடவே போனேன். அங்கே எழுதி நிரப்ப ஒரு பாரம் வைத்திருந்தார்கள். உயரம், கோட்டின் நிறம், தலைமுடி என்று வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டே வந்த போலீஸ்காரர் ஒரு இடத்தில் நின்றார்.

"எங்கே போவதாகச் சொன்னாள்?"

"நான் கேட்கவில்லை."

"யாரோடு போகிறாள் என்று?"

"கேட்கவில்லை."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை. இவர்கள் ஊரில் பிள்ளைகளை இப்படித்தான் வளர்ப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்திருப்பார். பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரரும் அன்றைக்குத்தான் என்னைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

மறுநாள் மத்தியானம் அவள் வந்து நின்றாள். சிநேகிதிகளோடு கடற்கரைக்குப் போய், கடைசி ரயிலைத் தவறவிட்டிருக்கிறாள். நான் திட்டுவதற்கு முன் அவள் ஆரம்பித்துவிட்டாள். ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன். "மற்ற அம்மாக்கள் எல்லாம் எங்கே, யாரோட, எப்படிப் போறேன்னு கேட்டு உயிரை எடுக்கிறாங்க. நீங்க என்னை ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. நான் இருந்தா என்ன, தொலைஞ்சா என்ன உங்களுக்கு?"

அவள் வெளியே கிளம்பும்போது குடை எடுத்துக்கோ என்பேன். எத்தனை மணிக்கு வருவே என்பேன். எங்கே போறே என்கிற அந்த ஒரு கேள்வி மட்டும் வராது. பத்தொன்பது வருடமாக நான் அதை ஒருவரிடமும் கேட்டதில்லை.

அதன் பிறகு சாப்பாடு இறங்கவில்லை. நான் வேலை செய்கிற ஆஸ்பத்திரித் தையலறையில் கிழிந்த படுக்கை விரிப்புகளைத் தைக்கும்போது நாளுக்கு நாலு தடவை விரலில் ஊசியை ஏற்றிக்கொண்டேன். டாக்டர் மாத்திரை கொடுத்தார். மாத்திரையில் தூங்கினேன், விழித்தால் அதே கேள்வி. சர்க்கார் ஆஸ்பத்திரியில் இதற்கு வரிசையில் நிற்க வேண்டும், மாதக்கணக்கில் ஆகும், காத்திருக்க முடியாதென்றால் இவரைப் பாருங்கள் என்று ஒரு சீட்டில் விலாசம் எழுதிக் கொடுத்தார்.

3

நம் ஊரிலிருந்து இங்கே வந்த பெண்கள் இன்னும் சிலர் இந்த மாதிரிக் கதவுகளுக்கு வெளியே தயங்கி நிற்கலாம். அவர்களுக்காக உள்ளே என்ன நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு பாரம். இந்த நாட்டில் செத்தாலும் பாரம் எழுதிவிட்டுத்தான் சாக வேண்டும். பெயர், வயது, மதம் எல்லாம் சரசரவென்று எழுதிவிட்டேன். உடன்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்ற கேள்வியில் இரண்டு என்று எழுதினேன். அடித்தேன். ஒன்று என்று எழுதினேன். அதையும் அடித்தேன். மறுபடி இரண்டு என்று எழுதப் போனதில் காகிதம் கிழிந்துவிட்டது. அந்த அம்மாள் கிழிந்த காகிதத்தை வாங்கிப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் மேசை இழுப்பறையில் வைத்தார்.

கட்டிலில் படுக்கச் சொல்வார்கள், கண்ணை மூடச் சொல்லி மயக்குவார்கள் என்றெல்லாம் கேள்விப்பட்டிருந்தேன். ஒன்றும் இல்லை. இரண்டு நாற்காலி, ஒரு கடிகாரம், ஒரு ஜன்னல். வெள்ளைக் கோட்டு கிடையாது, ஊசி கிடையாது. ஐம்பது நிமிஷம். ஐம்பதாவது நிமிஷத்தில் நீங்கள் அழுதுகொண்டிருந்தாலும் நேரமாகிவிட்டது என்று எழுந்துவிடுவார். முதல் தடவை அது எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

புத்திமதி சொல்ல மாட்டார். எனக்கு அதுதான் பெரிய எரிச்சல். நம் ஊரில் சும்மா கிணற்றடிக்குப் போனாலே பத்துப் புத்திமதி கிடைக்கும். இங்கே கட்டணம் கொடுத்தும் ஒன்று கிடைக்காது. அவரைப் பற்றி நீங்கள் கேட்டாலும் சொல்ல மாட்டார். அவரும் வேறு நாட்டிலிருந்து வந்தவர்தான், பேச்சில் தெரிகிறது. எந்த ஊர் என்று கேட்டேன். சிரித்துவிட்டு, இந்த நேரம் உங்களுடையது என்றார். நீங்கள் சொன்னது அந்த அறையை விட்டு வெளியே போகாது. உங்கள் உயிருக்கோ அடுத்தவர் உயிருக்கோ ஆபத்து என்றால் மட்டும் பேசுவேன் என்று முதல் நாளே சொல்லிவிடுவார். இதுவரை அந்த வாக்கு தவறவில்லை. ஊருக்குச் சொன்னது மண்டபத்துக்காரிதான்.

நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன், சிரித்துக்கொள்ளுங்கள். மகளைப் பற்றி, தூக்கத்தைப் பற்றி எல்லாம் மளமளவென்று சொல்லி முடித்ததும் நான் கையைக் கூப்பித் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன்.

"எதற்காகக் காத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

"அபராதத்துக்கு."

பாவசங்கீர்த்தனத்தில் சாமியார் அருள் நிறைந்த மந்திரம் இத்தனை தடவை சொல் என்று அபராதம் கொடுப்பாரே, அதற்கு. குழந்தையிலிருந்து முழங்காலில் நின்று பழகிய உடம்பு, நாற்காலியில் உட்கார வைத்தால் மட்டும் மாறிவிடுமா? அவர் சிரிக்கவில்லை. "என்ன குற்றத்துக்கு?" என்று கேட்டார். அன்றைக்கு நேரமாகிவிட்டது. ஆனால் அந்தக் கேள்விக்காகத்தான் மறு வாரமும் போனேன்.

இரண்டாம் வாரமும் மூன்றாம் வாரமும் முதல் வாரத்தைவிட மோசமாகத்தான் இருக்கும். நின்றுவிடலாம் என்று தோன்றும். என் வீட்டுக்காரர், "நம்ம வீட்டு விஷயத்த வெள்ளைக்காரிட்ட எதுக்குச் சொல்லிக்கிட்டு?" என்று ஒரு நாள் முழுக்க முணுமுணுத்தார். அப்புறம் புதன்கிழமைதோறும் எதிர்ப்பக்க பஸ் நிறுத்தத்தில் வந்து நிற்க ஆரம்பித்தார். மழையில் அப்படி நிற்காதீர்கள் என்றால் பஸ்ஸுக்கு நிற்கிறேன் என்பார்.

4

கடலுக்குக் கிளம்புகிறவனை எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது. இதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கேட்டால் மீன்பாடு கிடைக்காது, சில நேரம் ஆளே கிடைக்காது. ஆனால் அந்த அம்மாளுக்கு விளக்க இரண்டு புதன்கிழமை ஆயிற்று. என் ஆங்கிலத்தில் நான் சொன்னதை வைத்து, தம்பியோடு சண்டை போட்டேன் என்று முதலில் நினைத்துக்கொண்டார். சண்டை இல்லை, வெறும் கேள்வி என்றேன். கேள்வி எப்படி ஆளைக் கொல்லும் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எழுந்து வந்திருப்பேன்.

சுதந்திரம் வந்த இரண்டாம் வருடம். எனக்கு இருபத்தொன்று, தம்பி சவரிமுத்துவுக்கு இருபது. பாம்பன்காரர் ஒருவருடைய வள்ளத்தில் மீன்பாட்டுக்குப் போகிறேன் என்று காலையிலேயே எங்கள் அய்யாவிடம் சொல்லியிருக்கிறான். எனக்கு அது தெரியாது. மத்தியானம் நான் மணலில் கருவாடு காயப் போட்டுக்கொண்டிருக்கும்போது அவன் அந்தப் பக்கம் வந்தான். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டை, கையில் ஒரு துணிப்பை. மீன் பிடிக்கப் போகிறவன் யாராவது வெள்ளைச் சட்டை போடுவானா? அதனால்தான் கேட்டேன்.

"ஏலே சவரி, எங்கிட்டுப் போறே?"

பக்கத்தில் வலை காயப் போட்டுக்கொண்டிருந்த ஒருத்தி அதைக் கேட்டுவிட்டாள்.

அன்று சாயங்காலம் வாடைக்காற்று திரும்பிக் கடல் பொங்கியது. மறுநாளும் அவன் வரவில்லை. அதற்குள் ஊர் முழுக்கப் பேச்சு. அக்காகாரி கேட்டுட்டாளாம், வாய் வச்சுட்டாளாம். மூன்றாம் நாள் அம்மா கோயில் வாசலில் வைத்து, எல்லோரும் பார்க்க, என் வாயிலேயே அறைந்தாள். "கேட்ட வாயி. இனி அந்த வாயத் தொறக்காத." பிலோமினாக்கா, நீ பக்கத்தில்தான் நின்றாய்.

சாமியாரிடம் சொன்னேன். அது மூடநம்பிக்கை, பாவமே இல்லை என்று மூன்று அருள் நிறைந்த மந்திரம் சொல்லச் சொன்னார். பாவமே இல்லை என்றால் மூன்று எதற்கு என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. வாயைத்தான் மூடிவிட்டேனே.

5

இதையெல்லாம் அழாமல் சொல்லி முடித்தேன். பெருமையாகக்கூட இருந்தது. அந்த அம்மாள், மணி என்ன என்று கேட்பது போல, மெதுவாகக் கேட்டார்.

"அவர் என்ன பதில் சொன்னார்?"

பத்தொன்பது வருடத்தில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. அய்யா கேட்கவில்லை, அம்மா கேட்கவில்லை, நீ கேட்கவில்லை, சாமியார் கேட்கவில்லை, எல்லாம் தெரிந்த அந்த வலைக்காரியும் கேட்கவில்லை. கேட்டாள், கேட்டாள் என்று குதித்த ஊருக்கு, கேள்விக்கு ஒரு பதில் இருந்திருக்குமே என்று தோன்றவே இல்லை.

ஜன்னலுக்கு வெளியே ரயில் போனது, இன்னொன்றும் போனது. அவர் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் தமிழிலேயே சொன்னேன், பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன். இப்போது உங்களுக்கும் சொல்கிறேன்.

"மன்னாருக்கு," என்று வலைக்காரிக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திச் சொன்னான் சவரி. "கள்ளத்தோணிதான். அங்கன ஒரு கடையில வேலை சொல்லியிருக்காக. கரை ஏறினதும் தந்தி குடுக்குறேன். அதுவரைக்கும் அய்யாட்ட மூச்சு விடாத." கொஞ்ச தூரம் போய்த் திரும்பிச் சிரித்தான். "நீயும் வாறியாக்கா?"

"போலே, கருவாடு கிடக்கு," என்றேன்.

அவன் மீன்பாட்டுக்குப் போகவில்லை. ஆனால் நம் ஊரிலிருந்து ஆறு வள்ளம் அவனைத் தேடி வடக்கே போயின, மீன் பாட்டுக்குப் போகிற திசையில். அவன் போனது கிழக்கே. வள்ளத்தை அனுப்பிவிட்டுக் கரையில் இருந்த பாம்பன்காரரும் போலீஸுக்குப் பயந்து வடக்கே என்றுதான் சாதித்தார். முதல் நாள் நான் சொல்லவில்லை, தம்பிக்குக் கொடுத்த வாக்கு. இரண்டாம் நாள் பயம். மூன்றாம் நாள் சொல்லிவிடுவதென்று கோயில் வாசலுக்கு வந்தேன். அய்யாவைத் தேடித்தான் வந்தேன். அங்கேதான் அம்மா அறைந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. பத்து நாள் கழித்து வள்ளத்தின் பலகை ஒன்று கிழக்கே மணல்திட்டில் ஒதுங்கியது. நீரோட்டம் கொண்டுபோயிருக்கும் என்றார்கள். எனக்குத் தெரியும், நீரோட்டம் இல்லை.

"அவர்கள் கிழக்கே போயிருந்தால் கிடைத்திருப்பானா?" என்று அந்த அம்மாளிடம் கேட்டேன். உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று என்னையே திருப்பிக் கேட்டார். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. தெரியாது, எனக்குத் தெரியாது என்று கத்தினேன். ஆமாம், தெரியாதுதான் என்றார். கிடைத்திருக்க மாட்டான் என்று பொய் ஆறுதல் சொல்லவில்லை. அபராதமும் கொடுக்கவில்லை. நேரமாகிவிட்டது. வெளியே வந்து, பஸ் நிறுத்தத்தில் நின்றவரிடம் முழுக் கதையையும் சொன்னேன். அவர் மூன்று பஸ்ஸை விட்டுவிட்டார்.

6

அக்கா, நீ இதைப் படிக்கும்போது உனக்கு ஆத்திரம் வரும். வரட்டும். எனக்கும் வந்தது.

என் பங்கு எனக்குத் தெரியும். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். வாக்காவது மண்ணாவது என்று அய்யா காலில் விழுந்து சொல்லியிருக்க வேண்டும். அந்தச் சுமை என்னுடையது, சாகிறவரை நான் சுமப்பேன், யாரும் கைகொடுக்க வேண்டாம். ஆனால் கேள்வி கேட்ட பாவம் என்று என் தலையில் ஏற்றினீர்களே, அதை இன்றோடு இறக்கி வைக்கிறேன். நான் கேட்டதால் காற்று திரும்பவில்லை. நான் கேட்டதால்தான் அவன் எங்கே போனான் என்று இந்த உலகத்தில் ஒருத்திக்காவது தெரிந்தது. அந்த ஒருத்தி வாயைத்தான் நீங்கள் அடைத்தீர்கள்.

வருடா வருடம் சவரிக்கு நினைவுப் பூசை வைக்கிறாய். வடக்குக் கடலில் மீன்பாட்டுக்குப் போய் மறைந்த சவரிமுத்து என்று வாசிப்பார்கள். இந்த வருடம் அப்படி வாசிக்க வேண்டாம். மன்னாருக்குப் போகிற வழியில் மறைந்த சவரிமுத்து என்று வாசிக்கச் சொல். அய்யாவும் இல்லை, அம்மாவும் இல்லை, கள்ளத்தோணி வழக்கு இனி யார் மேல் போட? பையன் போன திசையையாவது சரியாகச் சொல்லுங்கள். யார் சொன்னது என்று கேட்டால், பைத்தியக்கார டாக்டரிடம் போகிறாளே, அவள் சொன்னாள் என்று சொல்.

நான் இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். எப்போது முடியும் என்று கேட்காதே, எனக்கும் தெரியாது.

7

போன சனிக்கிழமை நான் அடுப்படியில் இருந்தேன். தெரசா வாசலில் நின்று கோட்டுப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டிருந்தாள். ஐந்து பொத்தான் போட அவளுக்கு எப்போதும் ரொம்ப நேரம் ஆகும். இத்தனை வருடமும் அதைச் சோம்பேறித்தனம் என்றே நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் புரிந்தது, பிள்ளை ஒவ்வொரு தடவையும் நான் கேட்பேனா என்று நின்று பார்த்துவிட்டுத்தான் போயிருக்கிறாள்.

கடைசிப் பொத்தானைப் போட்டுவிட்டுக் கதவில் கை வைத்தாள். அடுப்படியிலிருந்தே கேட்டேன்.

"எங்கிட்டும்மா போறே?"

கை கதவிலேயே இருந்தது. பிறகு எடுத்தாள். லைப்ரரிக்கு என்றாள். புத்தகம் திருப்பிக் கொடுக்க என்றாள். அப்புறம் சிநேகிதி வீட்டுக்கு, எந்தத் தெரு, எந்த பஸ், அந்தச் சிநேகிதியின் பூனைக்கு உடம்பு சரியில்லை, ஆறு மணிக்குள் வந்துவிடுவேன் என்று பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாக, நான் கேட்காததையெல்லாம் சொல்லிக்கொண்டே போனாள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவள் அதைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்தினாள். என்ன செய்வதென்று தெரியாமல் சிரித்தாள்.

"நீங்களும் வர்றீங்களா, மம்மி?"

அடுப்பில் மீன் கிடந்தது. அடுப்பை அணைத்துவிட்டு, கோட்டை எடுத்துக்கொண்டேன்.